டப்பாவுக்குக் கொடுக்கும் காசு

ஷேவிங் சோப்புக்கு நாம் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி டப்பாவுக்கும் வாசனைக்கும் போய்விடுகிறது. மரக்கிண்ணம், பொன்னெழுத்து, சந்தன மணம் எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவது கொழுப்பும் காரமும் சேர்ந்த ஒரு கட்டி. அதைச் செய்ய ஆகும் செலவு சொற்பம். லண்டன் ஜெர்மின் தெருவின் சீமான் கடைக் கிண்ணங்களோடு, துருக்கியிலும் இத்தாலியிலும் சலூன்காரர்களை நம்பிப் பிழைக்கும் மலிவுச் சோப்புகள் சரிக்குச் சரி நிற்பது இதனால்தான். சில நாள் அவை ஜெயித்தும் விடுகின்றன.

சோப்பின் சூட்சுமம் ஸ்டியரிக் அமிலத்தில் இருக்கிறது. மாட்டுக் கொழுப்பிலும் பனைவகை எண்ணெய்களிலும் கிடைக்கும் பொருள் இது. இதோடு சோடியம் காரம் சேர்ந்தால் குளியல் சோப்பைப் போல இறுகிய கட்டி கிடைக்கும். பொட்டாசியம் காரம் சேர்ந்தால் இளகிய, தண்ணீர் பட்டதும் கரைகிற சோப்பு. ஷேவிங் சோப்பில் இரண்டும் கலந்திருக்கும். ஸ்டியரிக் தரும் நுரை நுண்ணியது, அடர்த்தியானது, கன்னத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்காது. தேங்காயெண்ணெய் தரும் நுரை சட்டென்று பொங்கும்; பெரிய குமிழிகள், அதே வேகத்தில் அடங்கியும் போகும். ஒன்று நிற்பதற்கு, மற்றது கிளம்புவதற்கு. இந்த இரண்டின் விகிதம் சரியாக அமைந்து, கிளிசரினும் போதுமான அளவு இருந்துவிட்டால், அந்தச் சோப்பை ஒரு யூரோவுக்கு விற்றாலும் முப்பது யூரோவுக்கு விற்றாலும் தாடைக்கு வித்தியாசம் தெரியாது.

இதற்கு ஆர்கோவைவிட நல்ல சாட்சி இல்லை. 1927இல் துருக்கியின் கிழக்கே எர்சுரும் நகரில் தொடங்கிய எவ்யாப் நிறுவனத்தின் சரக்கு இது. 75 கிராம் எடையுள்ள வெள்ளைக் குச்சி, மேலே ஒரு உறை, அவ்வளவுதான். அலங்காரம் கிடையாது. மணம் இருக்கிறதே, அதுதான் இடறும் இடம். எலுமிச்சைப் புல் வாசனையும் கழுவித் துடைத்த பொதுக் கழிப்பறையின் வாசனையும் கலந்தடிக்கும். ஷேவிங் பிரியர்கள் உலகெங்கும் இதை வைத்துச் சண்டை போட்டிருக்கிறார்கள். உறையைக் கழற்றிச் சில வாரம் அலமாரியில் காற்றாட வைத்தால் மணம் தணிந்து, சலவைச் சோப்பின் சுத்தமான வாசனை மட்டும் நிற்கும். எனக்கு அது பிடிக்கவே செய்கிறது. வீட்டில் மற்றவர்களுக்குப் பிடிப்பதில்லை. ஆனால் நனைந்த தாடியில் அந்தக் குச்சியை எதிர்ப்போக்கில் நாலு இழுப்பு இழுத்து, பிரஷ்ஷைச் சுழற்றிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் எழும்பும் நுரைக்கு மூக்கின் புகார்கள் அத்தனையும் தள்ளுபடி. கிண்ணத்தில் குழைக்கிறவர்கள் இதைத் துருவிக் கிண்ணத்தின் அடியில் அழுத்தி வைத்துக்கொள்வதும் உண்டு.

இத்தாலிக்காரர்களின் வழி வேறு. அங்கே சோப்பு கல்லாக இறுகுவதில்லை. விரலால் வழித்தெடுக்கும் பதத்தில் இருக்கும். 1899இல் தொடங்கிய மிலான் நகரத்துச் செல்லா, சலூன்காரர்களுக்காக ஒரு கிலோ பாளமாகவே வருகிறது. வேண்டிய அளவு வெட்டிக் கிண்ணத்தில் அமுக்கிக்கொள்ள வேண்டியதுதான். கசப்பு பாதாமின் மணம். விலையைச் சொன்னால் நம்ப முடியாத மணம். வீட்டுக்காரர்களுக்கென்று சிவப்பு டப்பாவிலும் அதே சோப்பு உண்டு. கிராமுக்குக் கணக்குப் பார்த்தால் பாளம்தான் லாபம். பிரொராசோவைச் செய்வது 1908இல் ஃபிளாரன்ஸில் தொடங்கிய மார்த்தெல்லி குடும்பத்து நிறுவனம். அதன் பச்சை டப்பாவில் யூகலிப்டஸும் மெந்தாலும். இத்தாலியக் குளிர்காலத்துக்கு இந்தச் சில்லிப்பு எதற்கு என்று தெரியவில்லை. சென்னையின் மே மாதத்துக்கு அளந்து செய்தது போலிருக்கிறது. சட்டென்று சிவந்துபோகும் தோலுக்கு வெள்ளை டப்பா.

ஜெர்மனியின் தபாக் 1959 முதல் வருகிறது. பவுடரும் மசாலாவும் கலந்த அதன் வாசனை அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களின் வாசனை. இன்றைய இளைஞர்கள் மூக்கைச் சுளிக்கக் கூடும். கிண்ணத்தோடு வாங்கினால் மலிவு என்று சொல்ல முடியாது, கட்டியை மட்டும் வாங்கினால் சொல்லலாம். ஆல்ப்ஸ் மலையின் ஒரு மூலிகையை வைத்துச் செய்யும் ஷ்பைக் குச்சியும் ஜெர்மன் சரக்குதான். பயணத்துக்கு நல்லது, நுரை சுமார்.

இனி, நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது? மூக்கை முதலில் நீதிபதி ஆசனத்திலிருந்து இறக்குங்கள். கடையில் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்து வாங்குகிறவர் வாசனைத் திரவியம் வாங்குகிறார், சோப்பு வாங்கவில்லை. நுரையின் உயரமும் ஏமாற்றும்; மலைபோல் பொங்கியது பாதிக் கன்னம் முடிவதற்குள் காய்ந்து போகும். நுரையைப் பூசிவிட்டு மூன்று நிமிடம் சும்மா இருங்கள். ஓரங்கள் காய்ந்து வெள்ளைப் பொருக்கு கட்டினால், ஒன்று தண்ணீர் போதவில்லை, அல்லது சோப்பு போதவில்லை. பிரஷ் நுனியைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டுச் சேர்த்துக்கொண்டே போனால் நுரையில் ஒரு பளபளப்பு ஏறும். அந்தப் பளபளப்பு வருவதற்கு முன்பே நிறுத்திவிட்டுச் சோப்பைத் திட்டுகிறவர்கள்தான் அதிகம்.

உண்மையான பரீட்சை பிளேடு போன பிறகு. நுரையை வழித்தெடுத்த இடத்தில் வெறும் தண்ணீரைத் தொட்டு விரலை ஓட்டுங்கள். வழுக்க வேண்டும். மறுபடி நுரை பூசாமலே ரேசரை இன்னொரு தரம் அங்கே கொண்டுபோகலாம் என்ற தைரியம் வர வேண்டும். இந்த மிச்ச வழுக்கல் ஆர்கோவிடம் உண்டு, செல்லாவிடம் தாராளமாக உண்டு. பெயர்பெற்ற சில விலையுயர்ந்த சோப்புகளிடம் இல்லை. கடைசியாகப் படிகாரக் கல்லை நனைத்து முகமெங்கும் தேயுங்கள். எங்கே சுருக்கென்கிறதோ அங்கே சோப்போ உங்கள் கையோ தவறியிருக்கிறது.

நம் ஊரில் இன்னொரு நீதிபதியும் உண்டு: தண்ணீர். போர்வெல் உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகிறது. நுரைக்குப் பதில் சாம்பல் நிறத் திரிதிரி. அதைப் பார்த்து நல்ல சோப்பையெல்லாம் போலி என்று ஒதுக்கியவர்களை எனக்குத் தெரியும். ஒரு டம்ளர் கேன் தண்ணீரில் பிரஷ்ஷை நனைத்து ஒருமுறை செய்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

வாங்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. ஆண்கள் அலங்காரப் பொருள் என்று பலகை மாட்டிய பளபளக்கும் கடைகளைத் தவிர்த்துவிடலாம். லண்டன் கிரீன் லேன்ஸில், ஜெர்மன் நகரங்களில், துருக்கியர் நடத்தும் மளிகைக் கடைகளின் கீழ்த்தட்டில் ஆர்கோ கிடக்கும். இத்தாலியில் பிரொராசோவைச் சாதாரண சூப்பர் மார்க்கெட்டிலேயே எடுக்கலாம். அங்கேயிருந்து விடுமுறைக்கு வரும் உறவினரிடம் சாக்லேட்டுக்குப் பதில் இதைக் கேளுங்கள். பெட்டியில் இடமும் பிடிக்காது. இங்கே இணையக் கடைகளில் தருவித்தால் மலிவு என்ற பேச்சுக்கே இடமில்லாமல் விலை ஏறிவிடும். கொழுப்பு விஷயத்தில் கவனமாக இருப்பவர்கள் உறையில் டேலோவேட் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும். அது விலங்குக் கொழுப்பு, பெரும்பாலும் மாட்டினுடையது. ஆர்கோவும் பழைய செல்லாவும் அந்த வகை. பிரொராசோ தேங்காயெண்ணெயும் ஸ்டியரிக் அமிலமும் சேர்ந்தது.

என் தீர்ப்பு இது. புதிதாகத் தொடங்குகிறவருக்குப் பிரொராசோ பச்சை டப்பா. நுரைக்காக எதையும் பொறுத்துக்கொள்பவருக்கு ஆர்கோ. இரண்டுக்கும் மேலே ஒரு படி செல்லா. ஆனால் அந்த ஒரு கிலோ பாளத்தைத் தனியாளாக வாங்கிவிடாதீர்கள், வருடக்கணக்கில் தீராது. நாலு பேர் சேர்ந்து வாங்கி வெட்டிப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.