பேராயரின் பேரேடு

கணக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு பாலபாடம் உண்டு. போன வருடத்தின் முடிவிருப்பு எதுவோ, அதுதான் இந்த வருடத்தின் ஆரம்ப இருப்பு. மார்ச் 31 ராத்திரி பேரேட்டை மூடும்போது பத்து ரூபாய் இருந்தால் ஏப்ரல் 1 காலையில் திறக்கும்போதும் பத்து ரூபாய்தான் இருக்கவேண்டும். ஒன்பது இருந்தால் தப்பு. பதினொன்று இருந்தால் அதைவிடப் பெரிய தப்பு.

பிரான்ஸ் நாட்டுக் கத்தோலிக்கப் பேராயர் ஒருவர் தம் வாழ்க்கையின் கடைசி இருபது வருடங்களுக்குமேல் இந்த ஒரே ஒரு புகாரைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சரிபார்த்த கணக்கு ரூபாய்க் கணக்கல்ல. இரண்டாயிரம் வருடத் திருச்சபையின் போதனைக் கணக்கு. 1962ல் மூடியபோது இருந்த இருப்பு 1965ல் திறந்தபோது இல்லை என்றார். எங்கே போச்சு, யார் எடுத்தது என்று போப்பாண்டவரையே கேட்டார்.

அவர் பெயர் மார்செல் லெஃபெவர். 1985ல் பிரெஞ்சில் அவர் வெளியிட்ட புத்தகத்தின் பெயரைத் தமிழில் சொன்னால், 'குழம்பி நிற்கும் கத்தோலிக்கர்களுக்கு ஒரு திறந்த மடல்'. மரபுவாதக் கத்தோலிக்கர்கள் மத்தியில் இன்றைக்கும் கைமாறிக்கொண்டிருக்கிற புத்தகம்.

நமக்கென்ன வந்தது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மேலே இருக்கிறவர் தப்பு செய்கிறார் என்று தோன்றினால், 'மேலே இருக்கிறவர் சொன்னால் கேள்' என்பதையே மார்க்கமாக வைத்திருக்கிற மனிதன் என்ன செய்வான்? புத்தகத்தின் உண்மையான விஷயம் அதுதான். ஆபீஸ், கட்சி, குடும்பம், மடம் எங்கே வேண்டுமானாலும் இந்தக் கேள்வியைப் பொருத்திப் பார்க்கலாம்.

முதலில் கதைச் சுருக்கம்.

உங்கள் கத்தோலிக்க நண்பர் வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள். அவர் சின்ன வயதில் பார்த்த பூசை லத்தீனில் நடந்தது. சாமியார் பீடத்தைப் பார்த்து நின்று முணுமுணுப்பார். பாட்டிக்கு ஒரு வார்த்தை புரியாது. கையில் ஜெபமாலை உருளும். ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று பாட்டிக்குத் தெரியும்.

1962 அக்டோபரில் போப் இருபத்து மூன்றாம் ஜான், இரண்டாம் வாடிகன் பொதுச்சங்கத்தைக் கூட்டினார். உலகம் பூராவிலிருந்தும் இரண்டாயிரத்துச் சொச்சம் ஆயர்கள். மூன்று வருடம். பதினாறு ஆவணங்கள். 1969ல் ஆறாம் பால், புதிய திருப்பலிப் புத்தகத்தை வெளியிட்டார். லத்தீன் போய் தாய்மொழி வந்தது. சாமியார் மக்களைப் பார்த்துத் திரும்பி நின்றார். ஒரு சிலர் ஆனந்தப்பட்டார்கள். ஒரு சிலர் வீட்டை இடித்துவிட்டார்களே என்று அழுதார்கள்.

அழுதவர்களுக்குத் தலைவராக வந்து சேர்ந்தவர்தான் லெஃபெவர். 1905ல் பிறந்தவர். அப்பா ஜவுளி ஆலை முதலாளி. இரண்டாம் உலகப் போரில் நாஜிகளுக்கு எதிராக ரகசிய வேலை பார்த்து, பிடிபட்டு, 1944ல் ஜெர்மன் முகாமில் செத்துப்போனார். மகன் ஆப்பிரிக்காவில் காபோன் காட்டில் மிஷனரி. பிறகு டக்காரில் பேராயர். சும்மா வீம்புக்குக் கொடி பிடிக்கிற ஆசாமி இல்லை. 1970ல் புனித பத்தாம் பயஸ் பெயரில் ஒரு குருக்கள் சங்கம் தொடங்கினார். சுவிட்சர்லாந்தில் எக்கோன் என்கிற ஊரில் குருமடம். பழைய பூசை, பழைய பாடத்திட்டம், பழைய அங்கி. சங்கம் இந்தியாவுக்கும் வந்தது. பாளையங்கோட்டையில் ஒரு மையமே உண்டு.

இப்போது புத்தகம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இறையியல் புத்தகம் என்றாலே நமக்கு வருகிற கொட்டாவி இதில் வராது. மனிதர் பண்டிதர்களுக்காக எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு ஒன்றும் புரியாமல் திரும்பி வருகிற சாதாரணக் குடும்பத்துக்காக எழுதுகிறார். அப்பா படித்த ஞானோபதேசம் வேறு, பிள்ளை படிக்கிற ஞானோபதேசம் வேறு என்றால் வீட்டில் யார் சொல்வதைக் கேட்பது? வேதாகமத்தின் அற்புதங்களை நேற்றுவரை நடந்தது என்று சொல்லிவிட்டு இன்றைக்கு 'அப்படி நேரடியாக எடுத்துக்கொள்ளக் கூடாது' என்று மென்று முழுங்கினால், குழந்தை எதை நம்பும்? இந்தப் பக்கங்களில் இருக்கிற வலி நிஜம்.

அடுத்தது, கணக்குக் கேள்வி. இதுதான் புத்தகத்தின் முதுகெலும்பு. 1864ல் ஒன்பதாம் பயஸ், நவீன காலத்தின் பிழைகள் என்று எண்பது கருத்துகளைப் பட்டியல் போட்டுக் கண்டித்தார். மதச் சுதந்திரம் சம்பந்தப்பட்ட கருத்துகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. 1965 டிசம்பரில் பொதுச்சங்கம் மதச் சுதந்திரம் மனிதனின் உரிமை என்று அறிவித்தது. ஆதரவு 2308 ஓட்டு. எதிர்ப்பு வெறும் 70. இரண்டையும் சொன்னது ஒரே திருச்சபை. இரண்டும் எப்படிச் சரியாகும்?

நியாயமான கேள்வி. வாடிகன் இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மாறியது கொள்கையா, காலத்துக்கேற்ற நடைமுறையா என்று பதினாறாம் பெனடிக்ட் தம் கர்தினால்களுக்கு விரிவாக விளக்கம் சொன்னது 2005 டிசம்பரில். சரியாக நாற்பது வருடம் கழித்து! ஆடிட் குறிப்புக்கு நாற்பது வருடம் கழித்தும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிற கம்பெனியை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

ஆனால் கேள்வி சரியாக இருப்பதாலேயே பதிலும் சரியாக இருக்கவேண்டும் என்று சட்டமில்லை. லெஃபெவர் தடுக்கி விழுகிற இடம் அதுதான்.

பிரெஞ்சுப் புரட்சியின் மூன்று கோஷங்களும் வேஷம் மாற்றிக்கொண்டு கோயிலுக்குள் வந்துவிட்டன என்கிறார். சுதந்திரம் என்பது மதச் சுதந்திரமாக, சமத்துவம் என்பது ஆயர்களின் கூட்டுப் பொறுப்பாக, சகோதரத்துவம் என்பது பிற சபைகளோடு உறவாக. படிக்க ஜோராக இருக்கிறது. இருந்தாலும், மூன்றுக்கு மூன்று பொருந்துகிறது என்பதே ஆதாரமாகிவிடுமா? ஜாதகப் பொருத்தம் மாதிரியல்லவா இருக்கிறது!

அடுத்து, கீழ்ப்படிதல். உண்மையான கீழ்ப்படிதல், பொய்யான கீழ்ப்படிதல் என்று இரண்டாகப் பிரிக்கிறார். விசுவாசத்தைக் காப்பதற்காகத்தான் அதிகாரம். விசுவாசத்துக்கு எதிராகப் போகும்போது அதற்குக் கட்டுப்படவேண்டியதில்லை. சரி. எதிராகப் போகிறது என்று தீர்ப்பு சொல்வது யார்?

இங்கேதான் சிக்கல். 1870ல் முதல் வாடிகன் பொதுச்சங்கம் போப்பின் தவறா வரத்தை மட்டும் அறிவிக்கவில்லை. சபையின் ஒழுங்கிலும் நிர்வாகத்திலும்கூட அவருக்கு முழு அதிகாரம், விசுவாசிகள் கட்டுப்பட்டவர்கள் என்றும் சொன்னது. அதை லெஃபெவர் முழுசாக ஏற்கிறார். ஏற்கவில்லை என்றால் அவர் மரபுவாதியே இல்லை. அப்படியானால் 'இந்த போப் மரபை மீறினார்' என்று முடிவுகட்டுகிற அதிகாரம் எக்கோன் குருமடத்துக்கு எங்கிருந்து வந்தது? புராட்டஸ்டண்டுகளை அவர் எந்தக் காரணத்துக்காகக் கண்டிக்கிறார்? ஒவ்வொருவனும் தானே நீதிபதியாகிவிட்டான் என்று. அதே நாற்காலியில் அவரும் உட்கார்ந்துவிட்டார். புத்தகம் இதைக் கடைசிவரை கவனிக்கவில்லை.

மரபுவாதிகள் வழக்கமாக எடுத்துப்போடுகிற துருப்புச்சீட்டு ஒன்று உண்டு. அந்தியோக்கியாவில் புனித பவுல், புனித பேதுருவை முகத்துக்கு நேரே கண்டித்தாரே! முதல் போப்பையே கண்டிக்கலாமென்றால் இந்த போப்பை ஏன் கூடாது?

சீட்டைத் திருப்பிப் பாருங்கள். யூதரல்லாதவர்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, பழைய ஆசாரக்காரர்கள் வந்ததும் பயந்து எழுந்துபோனார். பவுல் திட்டியது அதற்காக. அதாவது, அந்தச் சண்டையில் புதுமையின் பக்கம் நின்றவர் பவுல்.

சரி, 'பழைய பூசை' என்கிறாரே, எந்தப் பழசு? 1570ல் ஐந்தாம் பயஸ், இது என்றென்றைக்கும் செல்லும் என்று சொல்லி வெளியிட்ட புத்தகம் அது. பிறகு 1604ல் திருத்தம். 1634ல் திருத்தம். 1955ல் பன்னிரண்டாம் பயஸ் புனித வாரச் சடங்குகளையே மாற்றியமைத்தார். லெஃபெவர் உபயோகித்தது 1962 பதிப்பு. இது போதாத பழசு என்று 1983ல் அமெரிக்காவில் அவருடைய குருக்கள் ஒன்பது பேர் முரண்டு பிடித்தார்கள். பேராயர் என்ன செய்தார் தெரியுமா? கீழ்ப்படியவில்லை என்று கதவைக் காட்டினார்.

இதைவிட நல்ல விமரிசனத்தை நான் எழுதிவிட முடியாது.

புத்தகம் வந்து மூன்று வருடம் கழித்து கிளைமாக்ஸ். 1988 மே 5ம் தேதி, கர்தினால் ராட்ஸிங்கரோடு ஒரு சமரச ஒப்பந்தத்தில் லெஃபெவர் கையெழுத்துப் போட்டார். மறுநாள் வாபஸ். ஜூன் 30ம் தேதி போப்பின் அனுமதியில்லாமல் நான்கு பேரை ஆயர்களாக அபிஷேகம் செய்தார். சபைநீக்கம் என்று வாடிகன் அறிவித்தது. 1991ல் அந்த நிலையிலேயே இறந்தார். 2009ல் பெனடிக்ட் அந்த நான்கு ஆயர்களின் தண்டனையை நீக்கினார். அவர்களில் ஒருவரான ரிச்சர்ட் வில்லியம்சனை 2012ல் லெஃபெவரின் சங்கமே வெளியேற்றியது. காரணம்? அதேதான். கீழ்ப்படியாமை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தவறான மதத்துக்கு உரிமை கிடையாது, அரசு உண்மையான மதத்தின் பக்கம் நிற்கவேண்டும் என்பது லெஃபெவரின் உறுதியான கட்சி. 1976ல் லில் நகரப் பிரசங்கத்தில் அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சியைப் பாராட்டிப் பேசியவர் அவர். பிரான்ஸில் உட்கார்ந்துகொண்டு இப்படி எழுதலாம். இந்தியாவில் உட்கார்ந்து படிக்கிற கத்தோலிக்கரால் இந்தப் பக்கங்களை நிம்மதியாகப் புரட்ட முடியாது. இங்கே அவர் சிறுபான்மை. அரசியல் சட்டத்தின் 25வது பிரிவுதான் அவருக்குக் கூரை. 'பெரும்பான்மை எதை உண்மை என்கிறதோ அதன் பக்கமே அரசு நிற்கட்டும்' என்று இங்கே வேறொருவர் கிளம்பினால், லெஃபெவரின் புத்தகத்தைக் காட்டி அவரை மறுக்க முடியுமா? முடியாது. 1965 ஆவணத்தைக் காட்டித்தான் மறுக்க முடியும்.

அதற்காக வாடிகனுக்கு நூற்றுக்கு நூறு போடமாட்டேன். 1969க்குப் பிறகு பழைய பூசை அநேகமாக ஒழிந்தது என்றே விசுவாசிகளுக்குச் சொல்லப்பட்டது. 2007ல் பெனடிக்ட், அது ஒருபோதும் ரத்தாகவில்லை, தாராளமாக நடத்தலாம் என்றார். 2021ல் போப் பிரான்சிஸ் மறுபடி கடிவாளம் போட்டார். மூன்று உத்தரவுக்கும் கட்டுப்பட்டவர்தான் நல்ல கத்தோலிக்கர் என்றால், அந்த நல்லவர் பாவமில்லையா?

புத்தகத்தை வாசியுங்கள் என்றுதான் சொல்வேன். கேள்விகளுக்காக. பதில்களுக்காக அல்ல. ஒருவர் கேட்டது நியாயமாகவும் செய்தது தப்பாகவும் இருக்க முடியும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

எனக்கு அந்தப் பாட்டி ஞாபகமாகவே இருக்கிறது. ஒருநாள் சாமியார் திரும்பி நின்றார். வார்த்தை புரிந்தது. பாட்டி சண்டை போடவில்லை. தனிச் சங்கம் தொடங்கவில்லை. ஜெபமாலையை மடியில் வைத்துவிட்டு, புதுப் பதிலுரைகளைத் தப்பும் தவறுமாகக் கற்றுக்கொண்டார். ஏன் மாற்றினார்கள் என்று அவருக்கு யாரும் உட்காரவைத்து விளக்கிச் சொல்லவில்லை. பேராயர் அவருக்குத்தான் மடல் எழுதினார். அவரும் விளக்கவில்லை, கோபப்பட்டார்.

பேரேட்டில் விடுபட்ட பதிவு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.