மூடுபனி: தனித்த வீட்டின் அச்சம்

மூடுபனி 1980-ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த தமிழ்த் திரைப்படம். பாலு மகேந்திரா இயக்கி, ஒளிப்பதிவும் செய்தார். ராஜேந்திர குமார் எழுதிய ‘இதுவும் ஒரு விடுதலைதான்’ என்னும் நாவலைத் தழுவியது. பிரதாப் போத்தன், ஷோபா, பானு சந்தர், என். விஸ்வநாதன் ஆகியோர் நடித்தனர். இளையராஜா இசையமைத்த நூறாவது படம் இது. பாலு மகேந்திராவும் இளையராஜாவும் முதன்முதலில் இணைந்ததும் இப்படத்தில்தான்.

தமிழில் உளவியல் திகில் படங்களைப் பற்றிப் பேசுபவர்கள் தவறாமல் குறிப்பிடும் படம் மூடுபனி. பேய் இல்லாமல், இருட்டையும் அலறலையும் பெரிதாக நம்பாமல், ஒரு வீட்டையும் இரண்டு மனிதர்களையும் வைத்தே அச்சத்தை உருவாக்கியது என்பது இதற்குரிய பாராட்டு. அது தகுதியான பாராட்டுதான். ஆனால் அந்த வீட்டுக்குள் யாரை அனுமதிக்கிறது, யாரை வெளியிலேயே விட்டுவிடுகிறது என்று பார்த்தால் படத்தின் குறையும் அங்கேயே தெரியும்.

கதை

சந்துரு வசதியான இளைஞன். சிறு வயதில் தந்தை வேறு பெண்களை நாடியதையும் தாயைக் கொடுமைப்படுத்தியதையும் கண்டு வளர்ந்தவன். அந்தக் காயம் பாலியல் தொழில் செய்யும் பெண்கள் மீதான வெறுப்பாக மாறுகிறது. பெங்களூரில் அத்தகைய பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். ரேகா என்னும் பெண்ணிடம் தன் தாயின் சாயலைக் காண்கிறான். அவளுக்கு ரவியுடன் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. சந்துரு அவளைக் கடத்திச் சென்று ஊட்டியில் ஒரு வீட்டில் அடைத்து வைக்கிறான். காவல்துறை ஒருபுறம் கொலையாளியைத் தேட, மறுபுறம் ரேகா தப்பிக்க வழி தேடுகிறாள்.

பெண் ஒருத்தியைக் கடத்தித் தனி வீட்டில் வைத்து அவளுடைய அன்பை எதிர்பார்ப்பது ஜான் ஃபௌல்ஸ் 1963-இல் எழுதிய ‘தி கலெக்டர்’ நாவலின் கரு. வில்லியம் வைலர் 1965-இல் அதைப் படமாக்கினார். தாயின் நினைவிலிருந்து மீள முடியாத கொலையாளி என்பது ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வை (1960) நினைவூட்டுவது. இந்தச் சாயல்கள் வெளிப்படையானவை. அவற்றைக் கண்டுபிடித்துச் சொல்வதோடு விமர்சனம் முடிந்துவிடாது. இந்தக் கரு தமிழ்ச் சூழலுக்கு வந்தபோது என்னவாக ஆனது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

ஊட்டி வீடு

தமிழ்த் திரைப்படத்தில் அச்சம் தரும் வீடுகள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருப்பவை. ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’யில் (1963) அது பாழடைந்த ஜமீன் மாளிகை. ‘புதிய பறவை’யில் (1964) ஊட்டிப் பங்களா. பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்க’ளில் (1978) தோட்டம் சூழ்ந்த பெரிய வீடு. பேருந்து நிற்கும் தெருவில், அடுத்த வீட்டுச் சமையல் வாசனை வரும் வீட்டில் இத்தகைய கதை நடப்பது அரிது.

மூடுபனியின் ஊட்டி வீடும் அப்படித் தனித்து நிற்பதுதான். ஆனால் பாலு மகேந்திரா அதைப் பேய் பங்களாவாகக் காட்டவில்லை. இயல்பான வெளிச்சத்தை விரும்பிய ஒளிப்பதிவாளர் அவர். பகல் வெளிச்சமும் பனியும் மரங்களும் சேர்ந்து ஊட்டியை அழகாகவே காட்டுகின்றன. சுற்றுலாப் பயணி ஆசைப்படும் அதே அழகுதான். ரேகாவுக்கு அந்த அழகால் எந்தப் பயனும் இல்லை என்பதே அச்சம். கூப்பிட்டால் கேட்க ஆள் இல்லாத இடம் என்பதைத் தவிர அந்த வீட்டில் பயங்கரமானது எதுவும் இல்லை.

அடைத்து வைத்திருப்பவன் மரியாதையாக நடந்துகொள்கிறான் என்பது அடுத்த அச்சம். அவன் மிரட்டிப் பணியவைக்கும் வில்லன் அல்ல. அவளுடைய அன்பைக் கேட்கிறான், காத்திருக்கிறான். இந்த நல்ல பிள்ளைத்தனத்துக்கும் அவன் செய்த கொலைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பார்வையாளர் மட்டும் அறிந்திருக்கிறார். பிரதாப் போத்தனின் மெல்லிய குரலும் தயக்கமான உடல்மொழியும் இதற்கு மிகப் பொருத்தம். அவன் கோபப்படும் இடங்களைவிட அமைதியாக இருக்கும் இடங்களே நெருடுகின்றன.

கே. ஜே. யேசுதாஸ் பாடிய ‘என் இனிய பொன் நிலாவே’ இதற்கு நல்ல சான்று. கங்கை அமரன் எழுதிய இந்தப் பாடல் இன்றும் வானொலியிலும் கச்சேரிகளிலும் காதல் பாடலாகவே ஒலிக்கிறது. படத்தில் அதைக் கிடாரோடு பாடுபவன் கொலைகாரன். கேட்டுக்கொண்டிருப்பவள் அவனிடம் சிக்கியிருப்பவள். பாடல் இனிமையாக இருப்பதால்தான் காட்சி கலங்கவைக்கிறது. படத்தை விட்டுப் பாடல் மட்டும் தனியாகப் பயணம் செய்ததில், அது யார் யாரிடம் பாடியது என்பதைக் கேட்பவர்கள் மறந்துவிட்டார்கள்.

ஷோபா

ஷோபாவின் ரேகா அழுதுகொண்டே மூலையில் கிடப்பவள் அல்ல. அவள் பார்க்கிறாள், கணக்குப் போடுகிறாள், அவனுக்கு இசைவதுபோல் நடித்துச் சமயம் பார்க்கிறாள். நடிப்பவள் ஒருத்தியை நடிப்பது எளிதல்ல. பயத்தை முகத்தில் காட்டவும் வேண்டும், எதிரில் இருப்பவனிடமிருந்து மறைக்கவும் வேண்டும். ‘பசி’ (1979) படத்துக்காகத் தேசிய விருது பெற்ற ஷோபா அதைச் சிறு பார்வைகளாலேயே செய்கிறார். 1980 மே 1 அன்று அவர் மறைந்தார். மூடுபனி அதற்குப் பிறகே திரைக்கு வந்தது. அந்த இழப்பின் நினைவோடுதான் பலரும் இப்படத்தைப் பார்த்தார்கள். ஆயினும் அந்த நடிப்பை அனுதாபத்துக்காக அல்லாமல் அதன் திறமைக்காகவே மதிப்பிட வேண்டும்.

படத்தின் குறை

சந்துருவின் கொலைக்குக் காரணம் உண்டு. அதைப் படம் விரிவாகச் சொல்கிறது. அவனுடைய தாய், தந்தை, சிறுவயது எல்லாம் நமக்குத் தெரிகின்றன. அவனால் கொல்லப்பட்ட பெண்கள் எங்கிருந்து வந்தார்கள், அவர்கள் வீட்டில் யார் காத்திருந்தார்கள் என்பதைப் படம் கேட்பதில்லை. அவர்கள் கொலையாளியின் நோயைக் காட்டும் அடையாளங்களாக மட்டும் வந்து போகிறார்கள். இரக்கம் முழுவதும் கொன்றவனுக்கும் தப்ப வேண்டியவளுக்கும் போய்விடுகிறது, கொல்லப்பட்டவர்களுக்கு மிச்சமில்லை.

இது மூடுபனிக்கு மட்டும் உரிய குறை அல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த ‘சிகப்பு ரோஜாக்க’ளிலும் சிறுவயதுக் காயத்தால் பெண்களை வெறுப்பவன் கொலை செய்கிறான். கொல்லப்பட்டவர்கள் ரோஜாத் தோட்டத்தின் கீழ் புதைக்கப்படுகிறார்கள். மனைவியாக வந்த சாரதா மட்டும் தப்பிக்க வேண்டும் என்று நாம் பதறுகிறோம். இரண்டு படங்களிலும் தனித்த வீடு ஒரு சல்லடையாக வேலை செய்கிறது. ‘நல்ல பெண்’ உள்ளே சிக்கினால் அது ஆபத்து. மற்றவள் சிக்கினால் அது முன்கதை. கொலையாளி பெண்களை இரண்டாகப் பிரிக்கிறான் என்பது அவனுடைய நோய். படமும் அதே பிரிவினையை ஏற்றுக்கொள்வது பார்வையின் கோளாறு.

அச்சம் தொடங்கிய வீடு

எனினும் மூடுபனி தன்னை அறியாமலே ஓர் உண்மையைத் தொட்டுவிடுகிறது. சந்துருவின் அச்சம் ஊட்டியில் தொடங்கவில்லை. தந்தையும் தாயும் மகனும் வாழ்ந்த ஒரு குடும்ப வீட்டில் தொடங்கியது. ஒரு பெண் அடிபட்ட வீடு அது. தனித்த வீடு அந்த அச்சம் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் மட்டுமே.

இதைக் காஞ்சிபுரம் போன்ற ஊரின் தெருவோடு ஒப்பிட்டால் புரியும். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், தெருவில் நீட்டிய பாவு, திண்ணையில் பேச்சு. அங்கே யாரையும் யாருக்கும் தெரியாமல் அடைத்து வைக்க முடியாது என்று தோன்றும். ஆனால் பக்கத்து வீட்டு அடியும் அழுகையும் காதில் விழுந்தும் ‘அது அவர்கள் குடும்ப விஷயம்’ என்று நகர்வது எல்லா ஊர்த் தெருக்களிலும் உள்ள வழக்கம். ஆள் இல்லாததால் மட்டும் ஒரு வீடு தனித்துப்போவதில்லை. கேட்டவர்கள் கேளாததுபோல் இருந்தாலும் அது தனித்த வீடுதான்.

பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ (2008) இதற்கு எதிர்ப்புறத்திலிருந்து உதவும் படம். அது திகில் படம் அல்ல. மகளைப் பட்டுப் புடவையில் மணமகளாகப் பார்க்க ஆசைப்பட்ட நெசவாளி வேங்கடம், வாயில் பட்டு நூலை ஒளித்துக் கொண்டுவந்து, மறைவாக இரவில் நெய்கிறான். ஊர் நடுவே, உறவுகள் சூழ, ஒரு மனிதன் தன் இரகசியத்தோடு எவ்வளவு தனியாக இருக்க முடியும் என்பதை அப்படம் காட்டுகிறது. பனியும் மலையும் தேவைப்படவில்லை.

மதிப்பீடு

மூடுபனி தமிழில் உளவியல் திகிலுக்கு நிதானமான மொழியை அளித்தது. இசையின் அளவு, இயல்பான வெளிச்சம், குரல் உயர்த்தாத கொலையாளி ஆகிய மூன்றும் இன்று பார்க்கும்போதும் பழையதாகவில்லை. கொலையாளியின் மனத்துக்குள் செல்ல அது காட்டிய பொறுமையில் சிறு பங்கை அவன் கொன்ற பெண்களுக்கும் காட்டியிருந்தால் இன்னும் பெரிய படமாகியிருக்கும். இனி இந்த வகையில் படம் எடுப்பவர்கள் பாலு மகேந்திராவிடமிருந்து வெளிச்சத்தைக் கற்கலாம். வீட்டை மட்டும் மலையிலிருந்து இறக்கி நம் தெருவில் வைத்துப் பார்க்கலாம்.