டுகாட்டின் பாத்திரப் படைப்பும் தீமைக்கு மீளுதலும்

தீயோன் ஒருவன் நல்லோனாக மாறுவதைக் காட்டும் கதைகள் பல. மாறியவன் மீண்டும் தீயோனாவதைக் காட்டுவன சில. அச் சிலவற்றுள்ளும் காண்போர் உள்ளம் ஒப்புமாறு அமைந்தவை மிகச் சிலவே. முதல் மாற்றத்தை நாம் நம்ப விரும்புகின்றோம். அவ் விருப்பமே ஆசிரியனுக்குப் பாதி வேலையைச் செய்துவிடுகின்றது. இரண்டாம் மாற்றத்திற்கு அத் துணை இல்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1993 முதல் 1999 வரை ஏழு பருவங்களாக வெளிவந்த 'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' என்னும் தொடரில் வரும் டுகாட் என்னும் பாத்திரத்தை இந் நோக்கில் ஆராயப் புகுகின்றோம். இதனை ஏற்று நடித்தவர் மார்க் அலைமோ. தொலைக்காட்சித் தொடர் ஆராய்ச்சிக்கு உரியதோ என வினவுவாரும் உளர். பாத்திரப் படைப்பு உள்ள இடமெல்லாம் திறனாய்வுக்கு இடம் உண்டு என்பதே அவர்க்கு நம் விடை.

கதையை அறியாதார் பொருட்டுச் சுருங்கக் கூறுவோம். பஜோர் என்னும் உலகைக் கார்டாசியர் அரை நூற்றாண்டு அடிமைப்படுத்தி ஆண்டனர். அவ் வாட்சியின் இறுதித் தலைவன் டுகாட். கதை தொடங்கும்போது ஆட்சி முடிந்துவிட்டது. ஆட்சி செய்தவன் மட்டும் வந்து போய்க்கொண்டிருக்கின்றான். நகைச்சுவையும் நயமான பேச்சும் உடையவன். பார்ப்போர் அவனை விரும்பத் தொடங்கினர்.

1995-இல் வெளிவந்த 'இன்டிஸ்கிரிஷன்' என்னும் பகுதியே திருப்புமுனை. பஜோர்ப் பெண் ஒருத்தியிடம் தனக்குப் பிறந்த சியால் என்னும் மகளைத் தேடிச் செல்கின்றான். அவளைக் கொன்று தன் மானம் காப்பதே அவன் கருத்து. துப்பாக்கியை உயர்த்தியவன் கொல்ல இயலாமல் தாழ்த்துகின்றான். மகளை வீட்டிற்கு அழைத்துச் சென்றதால் மனைவியையும் பதவியையும் இழக்கின்றான். அடுத்த ஆண்டு வந்த 'ரிட்டர்ன் டு கிரேஸ்' என்னும் பகுதியில் சரக்குக் கப்பல் ஒன்றின் தலைவனாய்த் தாழ்ந்து, முன்னாளில் தன்னை எதிர்த்துப் போரிட்ட கீரா என்னும் பஜோர்ப் பெண்ணோடு சேர்ந்து கிளிங்கான் பகைவரை எதிர்க்கின்றான். காண்போர் மன்னிக்க ஆயத்தமாயினர். 1997-இல் 'பை இன்ஃபர்னோஸ் லைட்' என்னும் பகுதியில் இடி விழுகின்றது. டொமினியன் என்னும் கொடிய பேரரசோடு பல திங்கள் மறைவில் பேசித் தன் நாட்டை அதனிடம் சேர்த்து, அதன் தலைவனாகவும் அமர்கின்றான். உடன் வர மறுத்த மகளையும் கைவிடுகின்றான்.

இம் மீட்சி நம்பத்தக்கதா? ஆசிரியர்கள் வேண்டுமென்றே பாத்திரத்தைத் திரித்துவிட்டனர் என்பார் பலர். அவர்க்குச் சான்றும் இல்லாமல் இல்லை. தொடரின் பொறுப்பை ஏற்றிருந்த ஐரா ஸ்டீவன் பேர், டுகாட் மீது காண்போர் கொண்ட பரிவு தமக்கு உவப்பாக இல்லை என்பதை மறைத்தாரல்லர். கீராவும் டுகாட்டும் காதல் கொள்ளுமாறு கதையை நடத்தும் எண்ணமும் எழுந்தது என்பர். கீராவாக நடித்த நானா விசிட்டர் அதனை உறுதியாக மறுத்தார். ஆகவே இப் பாத்திரத்தின் போக்கில் புறத்தார் கை பட்டுள்ளது என்பதை ஒப்புகின்றோம். எனினும் ஆசிரியன் நோக்கம் வேறு, படைப்பில் விளைந்தது வேறு. நாம் ஆராய வேண்டியது பின்னதையே.

பாத்திரம் ஒரு தன்மைத்தாய் இருத்தல் வேண்டும், முரணுடைய பாத்திரமாயினும் அம் முரணிலே ஒரு தன்மை வேண்டும் என்பது அரிஸ்டாட்டில் வகுத்த நெறி. டுகாட்டிடம் மாறாத தன்மை யாது? கொடுமை என்பார் மேலோட்டமாகப் பார்ப்பார். நம் கருத்தில் அஃது அன்று. தன்னால் துன்புற்றவர் தன்னை நேசித்தல் வேண்டும் என்னும் அடங்கா வேட்கையே அது. கீராவிடம் அவன் இனிமையாகப் பேசுவது அதன் பொருட்டே. மகளைக் கொல்லாமல் விட்டதிலும் அதன் நிழல் உண்டு. 'இனி உன்னோடு வாழ முடியாதெனில் என்னைக் கொன்றுவிடு' என்ற கருத்துப்பட நிற்கும் மகளிடம், கேளாமலே கிடைத்த அன்பை அவன் காண்கின்றான். அவ் வன்பைக் கொல்ல அவனால் இயலவில்லை. இதனை மனமாற்றம் என்று நாம் கொண்டோம். அவன் தன் பழைய ஆட்சியைப் பற்றி ஒரு சொல்லேனும் வருந்திக் கூறியதுண்டா என்று பின்னோக்கிப் பார்த்தால் ஓரிடமும் கிடைப்பதில்லை. வருந்தாதவன் திருந்தினான் என்று கருதியது காண்போர் செய்த பிழை. ஆகவே 1997-ஆம் ஆண்டின் மீட்சி, இடையில் அறுந்த கயிற்றை மீண்டும் முடிந்ததன்று; அறாத கயிற்றை நம் கண்முன் இழுத்துக் காட்டியதே.

இதற்கு மேலும் ஒரு சான்று உண்டு. அதே ஆண்டின் இறுதியில் வந்த 'சாக்ரிஃபைஸ் ஆஃப் ஏஞ்சல்ஸ்' என்னும் பகுதியில், வெற்றியைப் பற்றி டொமினியன் தூதனாகிய வெயூனோடு உரையாடுகின்றான் டுகாட். பகைவரை அழித்தல் உண்மை வெற்றியாகாது, தன்னை எதிர்த்தது தவறு என்று அவர்களே உணர்ந்து தன் பெருமையை ஒப்புமாறு செய்வதே வெற்றி என்பது அவன் கொள்கை. அழித்துவிடுதலே அறிவுடைமை என்று கணக்கிடும் வெயூனைக் காட்டிலும் இவன் மென்மையானவனாகத் தோன்றுகின்றான். உண்மையில் இவனே கொடியவன். வெயூனுக்கு வேண்டுவது பஜோரியர் உடல். இவனுக்கு வேண்டுவது அவர் உள்ளம்.

மகள் கொல்லப்பட்டபின் அறிவு திரிந்த டுகாட்டைக் காட்டும் 'வால்ட்ஸ்' என்னும் பகுதியே இத் தொடரின் பாத்திரப் படைப்பில் தலையாயது என்போம். ரொனால்ட் டி. மூர் எழுத, ரெனே ஓபர்ஜொனுவா இயக்க, 1998 தொடக்கத்தில் வெளிவந்தது. ஆளற்ற உலகொன்றில் காயமுற்ற சிஸ்கோவும் டுகாட்டும் தனித்திருக்கின்றனர். தான் வேலைச் சுமையைக் குறைத்ததையும், உணவைக் கூட்டியதையும், சிறுவர் உழைப்பை ஒழித்ததையும் எடுத்துரைத்து நீதி கேட்கின்றான் டுகாட். தன் இனத்தார் இருநூற்றுவர் குண்டுக்கு இரையானபோது பஜோரியர் இருநூற்றுவரைக் கொன்றது நேர்மையான கணக்கே என்கின்றான். தனக்குப் பஜோரில் ஒரு சிலையேனும் இல்லையே என்பது அவன் குறை. ஆண்டவன் கேட்கும் நன்றிக்கடன் இதனினும் கூர்மையாகத் தொலைக்காட்சியில் காட்டப்பட்டதை நாம் அறியோம். சிஸ்கோ இடையிடையே வினவ வினவ, இறுதியில் அவர்கள் அனைவரையும் கொன்றிருக்க வேண்டும் என்று கூவுகின்றான். நேசம் கிடைக்காத இடத்தில் வேட்கை வெறுப்பாகத் திரிதல் இயல்பேயன்றோ? இம் முடிபு அவன் தொடக்கத்திலேயே அடங்கியிருந்தது. இதனையும் ஆசிரியர் வலிந்து திணித்தது என்பாரோடு நாம் உடன்படோம்.

உடன்படும் இடம் இதற்குப் பின் வருகின்றது. அதே ஆண்டு பருவ இறுதியில் பா-ரெய்த் எனப்படும் தீய ஆவியைத் தன்னுள் ஏற்கின்றான். அவ் வாவி உள்ளிருக்கும்போது ஜட்சியா டாக்ஸ் கொல்லப்படுகின்றாள். கொலை நிகழ்கின்றது, கொலைஞன் யார்? ஆவி செய்தது எனின் டுகாட்டை நாம் அளக்க இயலாது. டுகாட் செய்தான் எனின் ஆவி எதற்கு? பாத்திரத்தின் உள்ளிருந்து ஊறிய தீமையைப் புறத்திலிருந்து வந்து புகுந்த ஒன்றாக மாற்றியதால், ஐந்தாண்டு முயன்று கட்டியது ஓர் இரவில் சரிந்தது.

ஆவி வழிபாட்டாலேயே எல்லாம் கெட்டது என்றும் கூறுதற்கில்லை. 1998 இறுதியில் வந்த 'கவனன்ட்' அதற்கு விலக்கு. தீய ஆவிகளை வழிபடும் பஜோரியக் கூட்டத்திற்குத் தலைவனாக அமர்ந்து, அவர்கள் தன்னைத் தொழக் காண்கின்றான் டுகாட். அவன் வேட்கை நிறைவேறிய ஒரே இடம் இது. அடியார் ஒருத்தியிடம் பிறந்த குழந்தை கார்டாசியச் சாயலோடு இருந்து அவன் பொய்யை வெளிப்படுத்த, நஞ்சுக் குளிகை தந்து அனைவரையும் மாளச் செய்ய முனைகின்றான். தன் கையில் உள்ளது மட்டும் நஞ்சன்று. பழைய ஆட்சித் தலைவன் வேறு உடையில் வந்து நிற்பதை இங்கே தெளிவாகக் காண்கின்றோம்.

1999-இன் இறுதிப் பகுதிகளில் ஆசிரியர் கையில் ஓர் அரிய வாய்ப்பு விழுந்தது. டுகாட் அறுவை மருத்துவத்தால் பஜோரியன் முகம் பெற்று, உழவனாக வேடம் பூண்டு, பஜோரின் சமயத் தலைவியாகிய வின்னின் அன்பைப் பெறுகின்றான். வெறுத்தவர் முகத்தையே தன் முகமாகக் கொண்டவன். வேண்டிய அன்பைப் பொய்ப்பெயரால் பெற்றவன். அவன் கண்ணாடி முன் நின்று தன்னைக் காணும் காட்சி ஒன்று போதும், எவ்வளவோ கூறியிருக்கலாம். ஆசிரியர் அங்கே நிற்கவில்லை. தீக்குகையில் வின் தந்த நஞ்சால் வீழ்ந்தவனை ஆவிகள் எழுப்புகின்றன; பழைய கார்டாசிய முகம் திரும்பி வருகின்றது; சிஸ்கோவோடு போரிட்டு நெருப்பில் வீழ்கின்றான். அக் காட்சியில் முகம் அவனுடையது. அதிலிருந்து பேசுவது ஆவி.