‘நம்மவன்’ என்னும் சொல்: பசவண்ணர் வசனங்களின் தமிழாக்கத்தில் சமயப் பொதுமை

பெங்களூரு நகர மாவட்டத்து ஆனேக்கல் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ளது அத்திபெலே. ஒசூரிலிருந்து பெங்களூரு செல்வோருக்குக் கருநாடகத்தின் வாயிலாக விளங்கும் இவ்வூரில் கன்னடம், தமிழ், தெலுங்கு ஆகிய மூன்றும் வழங்குகின்றன. காவிரிச் சிக்கல் முற்றிய 2016 செப்டம்பரில் இரு மாநிலப் பேருந்துகளும் இவ்வெல்லையைக் கடக்க இயலாது நின்றன. ‘இவன் யாரைச் சேர்ந்தவன்?’ என்னும் வினா இத்தகைய எல்லையூர்களில் வெறும் தகவல் வேண்டும் வினா அன்று. இவ்வினாவையே 12ஆம் நூற்றாண்டில் பசவண்ணர் தம் வசனம் ஒன்றின் பொருளாக்கினார். எவரையும் அயலார் எனத் தள்ளாது இறைவனுக்கு உரியவராகக் காணும் அவருடைய நோக்கு தமிழுக்கு வரும்போது எவ்வெச் சொற்களில் தங்குகிறது, எவ்வெச் சொற்களில் நழுவுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. ஒரே வடிவம், இரு சொற்கள்

செல்வர் கல்லால் கோயில் எடுக்க, வறியவர் தம் உடலையே கோயிலாக்குவதைக் கூறும் வசனம் பசவண்ணர் படைப்புகளுள் புகழ் மிக்கது. அதன் முடிவு ‘ஸ்தாவர’, ‘ஜங்கம’ என்னும் இணையை எதிர்நிறுத்துகிறது. நிலைத்து நிற்பதற்கு அழிவு உண்டு. இயங்குவதற்கு அழிவில்லை என்பது அதன் கருத்து.

இவ்விரு சொற்களும் தமிழுக்குப் புதியன அல்ல. மாணிக்கவாசகர் காலத்திலேயே ‘தாவர சங்கமம்’ என்னும் தொடர் நிற்பனவும் இயங்குவனவுமாகிய பிறவிகளைக் குறித்து வழங்கியது. எனவே அவற்றை அப்படியே ஆள்வது எளிய வழியாகத் தோன்றும். ஆயின் பொருள் மாற்றம் இடையில் நிகழ்ந்துவிட்டது. இன்றைய தமிழில் தாவரம் என்பது செடிகொடி. சங்கமம் என்பது ஆறுகள் கூடுமிடம். உரையின் துணையின்றிப் படிக்கும் தமிழ் வாசகருக்கு வசனத்தின் முடிவு தாவரவியல் செய்தியாக மாறிவிடும்.

இதனினும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. பசவண்ணரின் முத்திரை ‘கூடலசங்கமதேவா’ என்பது. கிருஷ்ணையும் மலப்பிரபையும் கூடும் தலத்து இறைவனை அது விளிக்கிறது. கன்னடத்தில் கூடுதலைக் குறிக்கும் ‘ஸங்கம’வும் இயங்குவதைக் குறிக்கும் ‘ஜங்கம’வும் வேறு வேறு சொற்கள், எழுத்தும் ஒலியும் வேறு. கிரந்த எழுத்தை விலக்கிய தமிழில் இரண்டும் ‘சங்கமம்’ ஆகின்றன. மேற்கூறிய வசனத்தின் முடிவில் இவ்விரண்டும் அடுத்தடுத்து வருதலால், மூலத்தில் இல்லாத சிலேடை ஒன்று தமிழில் பிறக்கிறது. இறைவன் பெயரும் இயங்கும் உயிரின் பெயரும் ஒன்றே எனக் கொள்ளும் வாசகர் அதில் நயம் காணக்கூடும். ஆனால் அந்நயம் எழுத்துமுறை தந்தது, பசவண்ணர் தந்தது அன்று.

2. சொல்லின் சுருக்கமும் பெருக்கமும்

‘ஜங்கமர்’ எனக் கிரந்த எழுத்தோடு எழுதினால் இம்மயக்கம் நீங்கும். வேறொரு மயக்கம் புகும். இன்று அச்சொல் பிறப்பால் அமைந்த குருமார் வகுப்பொன்றின் பெயராகவும் வழங்குகிறது. பிறப்பை மறுத்த இயக்கத்தின் சொல் பிறப்பைச் சுட்டும் சொல்லாய் நிற்பதால், ஒலிபெயர்ப்பு மூலத்திற்கு எதிரான பொருளைத் தரும் வாய்ப்பு மிகுதி.

ஏ. கே. இராமானுஜன் தம் ஆங்கில மொழிபெயர்ப்பில் (1973) நிற்றல், இயங்குதல் ஆகிய பொருள்தரும் எளிய சொற்களைக் கவிதைக்குள் வைத்து, கலைச்சொல் விளக்கத்தை முன்னுரைக்கு ஒதுக்கினார். இம்முறை படிக்க இனியது. எனினும் 12ஆம் நூற்றாண்டில் ‘ஜங்கம’ என்பது ஊர்ஊராகத் திரிந்த சிவனடியாரையும் குறித்தது. பொதுச்சொல்லாகப் பெயர்க்கும்போது அடியார் மறைந்து எல்லா உயிரும் முன்வருகின்றன. வசனத்தின் சமயப் பொதுமையில் ஒரு பகுதி மொழிபெயர்ப்பு கூட்டித் தந்தது என்பதை மறுத்தற்கில்லை.

தமிழ் மரபோடு ஒப்பிட்டால் இவ்வெல்லை தெளிவாகும். சிவஞானபோதத்தின் 12ஆம் நூற்பா அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் ஒருசேர வழிபடச் சொல்கிறது. திருமூலர் ‘நடமாடக் கோயில்’ எனக் குறிக்கும் அடியார்க்கு ஈந்தது திருவுருவம் உறையும் கோயிலுக்கும் சேரும், அங்கு ஈந்தது இவர்க்குச் சேராது என்று ஏற்றத்தாழ்வு காட்டுகிறார். பசவண்ணர் இன்னும் ஒருபடி சென்று, ஒன்றற்கு அழிவையும் மற்றொன்றற்கு அழிவின்மையையும் கூறுகிறார். ‘நிற்பது’, ‘நடமாடுவது’ எனத் தமிழாக்கினால் திருமூலரின் நினைவு உடன்வரும். தாவரமும் சங்கமமும் தரும் குழப்பம் வாராது. ஆனால் திருமூலரின் மென்மையைப் பசவண்ணர்மேல் ஏற்றிவிடாதபடி முன்னுரையில் வேறுபாட்டைச் சுட்டுதல் வேண்டும்.

3. ‘நம்மவன்’

சமயப் பொதுமையின் உண்மையான உறைவிடம் இப்பெயர்ச்சொற்களில் அன்று, மூவிடப்பெயரில் உள்ளது. வந்தவனைக் குறித்து ‘ஆரவ’ என்று பிறர் வினவச் செய்யாதே, ‘நம்மவ’ என்று சொல்லச் செய் எனப் பசவண்ணர் இறைவனை வேண்டும் வசனம் இங்கு நோக்கத்தக்கது.

முதற்கண் ‘ஆரவ’ என்பது போலி ஒப்புமைச் சொல். தமிழ்ச் செவிக்கு அது ‘யார் அவன்’ எனக் கேட்கும். கன்னடத்தில் அதன் பொருள் ‘யாருடையவன்’ என்பது. முன்னது ஆளை அறிய எழும் வினா. பின்னது குலத்தையும் குடியையும் அறிய எழும் வினா. ‘யார் வீட்டுப் பிள்ளை?’ என்னும் தமிழ் வழக்கு பின்னதற்கு நேரானது. வசனம் வந்தவனை இறைவன் வீட்டு மகனாக ஆக்கி முடிதலின், வினாவிலும் விடையிலும் ‘வீட்டுப் பிள்ளை’ என நிறுத்துவது மூலத்தின் கட்டமைப்புக்கும் இயையும்.

அடுத்து ‘நம்மவ’. இக்காலக் கன்னடத்தின் ‘நாவு’ கேட்போரை உளப்படுத்தும் பன்மைக்கும் உளப்படுத்தாப் பன்மைக்கும் பொது. ஆங்கிலத்திலும் அங்ஙனமே. தமிழோ ‘நாம்’, ‘நாங்கள்’ என வேறுபடுத்துகிறது. ஆதலின் ஆங்கில மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளாத தேர்வு தமிழ் மொழிபெயர்ப்பாளரை எதிர்கொள்கிறது. ‘எங்களவன்’ என்பது அயலாரை நோக்கிச் சொல்லும் சொல். பூசலில் ஒருவனைத் தம் பக்கம் இழுக்கும்போது எழுவது. அது வந்தவனை ஏற்கும்போதே கேட்பவனை வெளியே நிறுத்துகிறது. ‘நம்மவன்’ என்பதோ கேட்பவனும் உடனிருந்தாலன்றிச் சொல்ல இயலாதது. இவ்வசனத்தைக் கேட்பவன் கூடலசங்கமதேவன். எனவே ‘நம்மவன்’ எனின் அடியாரும் வந்தவனும் இறைவனும் ஒரே வீட்டாராகின்றனர். ‘எங்களவன்’ எனின் வந்தவன் ஒரு குழுவில் சேர்க்கப்படுகிறான், அவ்வளவே. வடிவொற்றுமையாலும் நம்மவன் என்பதே பொருந்தும். ஆயினும் வடிவொற்றுமை காரணமாக அன்றி, இவ்வேறுபாடு உணர்ந்தே அதனைத் தேர்தல் வேண்டும்.

4. முடிவுரை

கன்னட வீரசைவ இலக்கியம் தமிழுக்கு வருவது நெடிய மரபு. சாமரசரின் பிரபுலிங்கலீலையைத் துறைமங்கலம் சிவப்பிரகாசர் 17ஆம் நூற்றாண்டிலேயே தமிழ்ச் செய்யுளாக்கினார். அண்மைக் காலத்தில் பெங்களூரு பசவ சமிதி, எம். எம். கல்புர்கியைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வசனங்களைப் பல இந்திய மொழிகளில் வெளிக்கொணர்ந்தது. இனி வரும் தமிழாக்கங்களுக்கு மூன்று கருத்துகள் முன்வைக்கப்படுகின்றன. முதலாவது, ‘சங்கமம்’ என்னும் வடிவை முத்திரைக்கு மட்டும் உரியதாக்குதல். இரண்டாவது, ‘ஜங்கம’ என்பதன் அடியார்ப் பொருளையும் பொதுப்பொருளையும் குறிப்புரையில் பிரித்துக் காட்டுதல். மூன்றாவது, தன்மைப் பன்மை வருமிடந்தோறும் கேட்பவர் யார் என்பதை முதலில் வரையறுத்தல்.

இவற்றுள் மூன்றாவதைச் சோதிக்க அத்திபெலே, ஒசூர் வட்டாரத்து இருமொழியாளரே தக்க துணை. இரு மொழிகளையும் அன்றாடம் மாற்றி மாற்றிப் பேசும் அவர்கள், கன்னடத்தில் ‘நம்மவ’ என்று சொன்னதைத் தமிழில் எப்போது ‘நம்மவன்’ என்றும் எப்போது ‘எங்களவன்’ என்றும் சொல்கின்றனர் என்பதைத் தொகுத்தாராய்தல், வசன மொழிபெயர்ப்புக்கும் சமூக மொழியியலுக்கும் ஒருங்கே பயன்தரும்.