ஓடுதளமும் செம்மண்ணும்

காரைக்குடிக்குப் பக்கத்தில், செட்டிநாட்டில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இன்னும் கிடக்கிறது. நேர்க்கோடு, சமதளம், திருப்பமே இல்லை. அதைவிட்டு இறங்கினால் செம்மண், சரளை, கண்மாய்க்கரை. கார்ப் பிரியர்கள் ஓயாமல் நடத்தும் ஒரு வழக்கின் இரு கட்சிகளுக்கும் உரிய மைதானங்கள் இப்படி ஒரே ஊரில் அமைந்திருக்கின்றன. வழக்கு இதுதான்: அமெரிக்க மஸில் கார் பெரிதா, ரேலிப் போட்டியிலிருந்து வீதிக்கு வந்த டர்போ ஆல்-வீல்-டிரைவ் செடான் பெரிதா?

வழக்கமாகக் குதிரைத்திறனையும் நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டும் நொடிகளையும் எடுத்துப்போட்டு இதை வாதிடுவார்கள். அந்த எண்களால் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டு கார்களும் எழுதிய பரீட்சையே வேறு வேறு.

1964-இல் பாண்டியாக் நிறுவனம் ஜி.டி.ஓ.வைக் கொண்டுவந்தபோது செய்த காரியம் எளிமையானது. நடுத்தர அளவு உடலில், பெரிய காருக்கான 6.4 லிட்டர் வி-8 எஞ்சினைத் திணித்தார்கள். கால் மைல் தூரத்தை, அதாவது சுமார் 400 மீட்டரை, நேராக யார் முதலில் கடக்கிறார் என்பதே கேள்வி. அதற்குத் திருப்பத்தில் நிற்கும் சஸ்பென்ஷன் தேவையில்லை. பின்னால் லாரிக்குப் போடுவதுபோல் பட்டை ஸ்பிரிங் போட்டே அந்தத் தலைமுறையின் பல கார்கள் ஓடின. எதிர்க்கட்சியான டர்போ செடான்களின், குறிப்பாக ஜப்பானியவற்றின், பிறப்பு வேறு. 1980-இல் வந்த ஆடி குவாட்ரோ, நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்தால் ரேலியில் என்ன நடக்கும் என்று காட்டியது. 1987 முதல் உலக ரேலி குரூப் ஏ விதிக்குள் வந்தது. அதன்படி, போட்டிக்கு வரும் காரின் அடிப்படை மாதிரியை ஆயிரக்கணக்கில் (முதலில் 5000, பிறகு 2500) செய்து காட்டியாக வேண்டும். மிட்சுபிஷி லான்சர் எவோவும் சுபாரு இம்ப்ரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸும் 1992-இல் அந்தக் கட்டாயத்தில் பிறந்தவை. டாமி மக்கினன் 1996 முதல் 1999 வரை நான்கு முறை தொடர்ந்து உலகப் பட்டம் வென்றது லான்சரில்தான். கார்ப் பந்தய விதிக்காக வீதிக்கு வந்த கார்கள் அமெரிக்காவிலும் உண்டு. 1970 பிளிமத் சூப்பர்பேர்ட் அப்படிப்பட்டது. ஆனால் அது நீள்வட்டத் தடத்தில் காற்றைக் கிழிப்பதற்காகச் செய்தது. மோசமான சாலை அதன் கணக்கில் இல்லை.

செட்டிநாட்டுக்கு அமெரிக்கக் கார் புதிதல்ல. செட்டியார்கள் பர்மாவில் ஈட்டிய பணம் புழங்கிய காலத்தில் பெரிய அமெரிக்க செடான்கள் இந்த ஊர்களின் அகலத் தெருக்களில் நின்றன. வீடே இரண்டு தெருவுக்கும் நீண்டு கிடக்கும்போது கார் கொட்டகைக்கு இடப்பஞ்சமும் இல்லை. ஆனால் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1954-இல் இந்தியாவைவிட்டுப் போயின. இறக்குமதிக் கதவும் சாத்தப்பட்டது. மஸில் கார்களின் பொற்காலம், அதாவது 1964-லிருந்து 1973 எண்ணெய் நெருக்கடிவரை, இங்கே எட்டிப்பார்க்காமலே கழிந்தது. நமக்குக் கிடைத்த ஆறுதல் பரிசு 1984-இல் வந்த ஹிந்துஸ்தான் கான்டெஸா. முகத்தில் மிரட்டல், உள்ளே அம்பாஸடர் வழியில் வந்த 1.5 லிட்டர் எஞ்சின், 50 குதிரைத்திறன். பிறகு வந்த இசுசு 1.8 எஞ்சின்தான் அதன் மானத்தைக் காப்பாற்றியது. எதிர்க்கட்சி கதையும் அதேதான். 1998 முதல் திருவள்ளூரில் தயாரான லான்சரும், பின்னால் வந்து நம் ரேலிகளில் கொடிகட்டிப் பறந்த சீடியாவும் முன்சக்கர இழுவைக் கார்கள். சீடியாவில் டர்போவும் கிடையாது. ஆக, இங்கே இந்த வழக்கை நடத்துகிறவர்களில் பெரும்பாலானோர் இரு கார்களையும் திரையிலும் வீடியோ கேமிலும் ஓட்டியவர்களே. உண்மையான சாட்சிகள் தாமதமாகத்தான் வந்தார்கள். இறக்குமதியாக எவோ டென் 2010-இலும், ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. 2016-இல் 65 லட்ச ரூபாய் ஷோரூம் விலையிலும். சுபாரு அதிகாரபூர்வமாக வரவே இல்லை. எனவே இந்த இரண்டையும் வைத்தே எடைபோடுகிறேன்.

நேர்க்கோட்டை முதலில் பார்ப்போம். மஸ்டாங்கிடம் 5 லிட்டர் வி-8, 401 குதிரைத்திறன், 515 நியூட்டன் மீட்டர் டார்க். எவோவிடம் 2 லிட்டர் டர்போ, சுமார் 290 குதிரைத்திறன். புழுதி படிந்த தளத்தில் கிளம்பும்போது மஸ்டாங்கின் பின் டயர் சுற்றிப் புகை விடும். எவோ நான்கு சக்கரத்தாலும் தரையைப் பிடித்துப் பாய்ந்துவிடும். ஓடுதளம் நீள நீள வி-8 அந்தக் கடனை வட்டியோடு வசூலிக்கும். மிதித்த கணமே பிக்கப் கிடைப்பது அதன் பெருமை. டர்போ காரில் காற்றழுத்தம் ஏறும்வரை ஒரு நொடி காத்திருக்க வேண்டும். இங்கே வெற்றி மஸ்டாங்குக்குத்தான், சந்தேகமில்லை.

ஆனால் ஓடுதளத்தில் யாரும் குடியிருப்பதில்லை. திருமயம் பக்கமிருந்து காரைக்குடி வரும் நெடுஞ்சாலையை விட்டுக் கிராமச் சாலைக்குள் திரும்புங்கள். ஒரு வண்டி அகலத் தார், இரு ஓரமும் அரிக்கப்பட்டுக் கைப்பிடி ஆழத்துக்குப் பள்ளம், அதன்மேல் செஞ்சரளை. எதிரே டவுன் பஸ் வருகிறது. அது தாரைவிட்டு இறங்காது. நீங்கள்தான் இடப்பக்கச் சக்கரங்களைச் சரளையில் இறக்க வேண்டும். இப்போது இரண்டு சக்கரம் தாரில், இரண்டு மண்ணில். பஸ் கடந்ததும் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறீர்கள். மஸ்டாங்கின் சக்தி முழுவதும் பின்னிரு சக்கரங்களுக்கே போகிறது. அவற்றில் ஒன்று உருளும் கல்லின்மேல் இருப்பதால் வண்டியின் பின்புறம் விலகப் பார்க்கும். உடனே மின்னணுக் கட்டுப்பாடு தலையிட்டு எஞ்சினின் குரல்வளையைப் பிடிக்கும். பாதுகாப்புதான், ஆனால் காசு கொடுத்து வாங்கிய 401-இல் பாதி அப்போது உங்கள் கையில் இல்லை. எவோ இதையே வேறு விதமாகத் தீர்க்கிறது. நடு டிஃபரன்ஷியல் முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு பிரிக்கிறது, பின்புறத்தில் உள்ள ஆக்டிவ் யா கன்ட்ரோல் இடது வலது சக்கரங்களுக்குள் டார்க்கை மாற்றிவிடுகிறது. சக்தியை வெட்டாமல் இடம்மாற்றிச் செலவழிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தச் சரளை குழம்பாகும்போது இந்த வித்தியாசம் இன்னும் கூடும்.

இங்கே ஆல்-வீல்-டிரைவ் ரசிகர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நான்கு சக்கர இழுவை முடுக்கத்துக்கு உதவும், பிரேக்குக்கு உதவாது. ஆடு குறுக்கே வந்தால் டயரும் எடையும் மட்டுமே பேசும். எவோ கொஞ்சம் இலகுவானது, அவ்வளவுதான் அதன் சாதகம். ஒரு வளைவிலிருந்து வேகமாக வெளியேற முடிந்த காரணத்தாலேயே அடுத்த வளைவுக்குள் அதிவேகமாக நுழைந்து மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. இன்னொன்று, ரேலிக் காரும் ரேலி வழிவந்த செடானும் ஒன்றல்ல. மஸ்டாங்கின் தரை இடைவெளி 137 மில்லிமீட்டர்; ஷோரூம் எவோவும் ஏறக்குறைய அதே உயரந்தான். பள்ளிக்கூடத்து முன்னால் ஊர்க்காரர்களே கட்டிய வேகத்தடையில் இரண்டும் குறுக்குவாட்டாகத்தான் ஏறி இறங்க வேண்டும். ‘இது ரேலி வண்டி, எதையும் தாண்டும்’ என்பது விளம்பரம் போட்ட முடிச்சு.

பெட்ரோலும் வெயிலும் டர்போவுக்கு எதிரான வலுவான சாட்சிகள். டர்போ அழுத்தும்போது காற்று சூடேறுகிறது. இன்டர்கூலர் அதை வெளிக்காற்றால் குளிர்விக்க வேண்டும். சித்திரையில் வெளிக்காற்றே நாற்பது டிகிரியைத் தொட்டால் அது எதைக் குளிர்விக்கும்? பழைய எவோக்களிலும் சுபாரு எஸ்.டி.ஐ.களிலும் இன்டர்கூலர்மேல் தண்ணீர் தெளிக்கும் ஏற்பாடே வைத்தார்கள். ஜப்பானில் இவை உயர் ஆக்டேன் பெட்ரோலுக்காக டியூன் ஆனவை. நம் பங்க்கின் சாதாரண பெட்ரோல் அவ்வளவு ஆக்டேன் இல்லாதது. அதை ஊற்றினால் நாக்கிங் வராமலிருக்க எஞ்சின் கம்ப்யூட்டர் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளும். குதிரைகளில் சில லாயத்திலேயே படுத்துவிடும். மஸ்டாங்கின் வி-8 ஏறக்குறைய இதே தரப் பெட்ரோலைக் குடித்து ஓடவும் வடிவமைக்கப்பட்டது. இந்த ஒரு விஷயத்தில் அமெரிக்கன்தான் நம்மூர்க்காரன்.

சத்தத்தைப் பற்றி விவாதமே வேண்டாம். மாப்பிள்ளை அழைப்பில் நடை வேகத்தில் உறுமிக்கொண்டு வர வி-8-ஐ அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் மறுநாள் ஆச்சியைப் பிள்ளையார்பட்டிக்கு அழைத்துப்போக வேண்டுமே! மஸ்டாங்குக்கு இரண்டே கதவு, பின்சீட்டுக்குள் அவர் எப்படி மடங்கிப் போவார்? எவோவுக்கு நான்கு கதவு, டிக்கி மட்டும் கஞ்சத்தனம்.

எனவே என் தீர்ப்பு இது. நல்ல எஞ்சின் எது என்றால் மஸ்டாங்கினுடையது. நல்ல கார் எது என்றால் எவோ. டயருக்குக் கீழே என்ன இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாத சாலையில், இருக்கும் சக்தியைக் கடைசிவரை செலவழிக்க விடுவதே வேகக் காரின் வேலை என்று கொள்கிறேன். அந்த அளவுகோலில் 290, 401-ஐ வெல்கிறது. கோடை மத்தியானத்தில் இந்த வெற்றியின் இடைவெளி சுருங்கும் என்பதையும் தீர்ப்போடு சேர்த்தே எழுதிவைக்கிறேன்.

எவோவின் உற்பத்தி நின்று பல வருடம் ஆகிவிட்டது; இனி வாங்குவதென்றால் பழைய வண்டிதான். பெயின்ட்டையும் மைலேஜையும் பார்த்து மயங்காமல் முதலில் லிஃப்டில் ஏற்றி வலது பின்சக்கரத்துக்குப் பின்னாலுள்ள ஹைட்ராலிக் பம்ப்பைப் பாருங்கள். சேறும் ஈரமும் பட்டு அரிக்கும் இடத்தில் அதை வைத்திருக்கிறார்கள். அது போனால் டிஃபரன்ஷியல்களின் வித்தையெல்லாம் நின்று டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். உதிரிபாகம் கடல்கடந்துதான் வரவேண்டும்.