சக்ரவர்த்தி செயப்படுபொருளாகும் இடம்

சோழப் பேரரசர்களைப் பற்றி நம்மிடம் உள்ள எழுத்து பெரும்பாலும் அடைமொழிகளால் ஆனது. முதலாம் ராஜராஜன் காலத்திலிருந்தே கல்வெட்டுகளின் தொடக்கத்தில் மெய்க்கீர்த்தி வந்து நின்றுகொள்கிறது. திருமகளும் நிலமகளும் அரசனை அடைகிறார்கள், நாடுகள் வரிசையாக வீழ்கின்றன, வீழ்ந்தவர்களுக்கு முகமில்லை. கல்கி 'பொன்னியின் செல்வ'னை (1950–54) வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்கியபோது இந்த மரபுக்கு ஒரு சுவாரஸ்யமான கதை கிடைத்தது. புதுக்கவிதையில் ராஜராஜனைப் படிமமாக்குகிற நண்பர்களும் மெய்க்கீர்த்திதான் எழுதுகிறார்கள், யாப்பை மட்டும் கழற்றிவிட்டு.

இந்த வாய்ப்பாட்டுக்கு வெளியே நிற்கும் ஓர் உரைநடை கடலூரை அடுத்த திருவந்திபுரம் பெருமாள் கோயிலில் இருக்கிறது. 1231ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு. காடவன் கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் ராஜராஜனைப் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறைவைக்கிறான். போசள மன்னன் நரசிம்மன் அனுப்பிய தண்டநாயகர்கள் அப்பண்ணனும் சமுத்திர கோப்பய்யனும் அவனை மீட்கிறார்கள். செய்ததை அவர்கள் வினை வினையாக அடுக்குகிறார்கள்: ஊர்களை அழித்தது, முதலிகளைக் கொன்றது, பொன்னம்பல தேவரைக் கும்பிட்டது, மேலும் ஊர்களை அழித்தது, திருப்பாதிரிப்புலியூரில் தங்கியது, திருவதிகையை அழித்தது, கடற்பக்கத்து ஊர்களைச் சுட்டது, பெண்களைப் பிடித்தது. கும்பிட்டதற்கும் கொளுத்தியதற்கும் தொனியில் வித்தியாசம் இல்லை. பாங்கில் வரவும் பற்றும் ஒரே வரிசையில் விழுவதைத் தினம் பார்க்கிறவன் நான். இதுவும் அப்படியொரு கணக்கு. எழுதியவர்களுக்கு இதில் முரண் எதுவும் தோன்றவில்லை என்பதே இந்த உரைநடையின் பயங்கரமும் பலமும்.

சக்ரவர்த்தியோ இதில் வெறும் செயப்படுபொருள். பிடிக்கிறார்கள், விடுகிறார்கள். தன் நாட்டுக்குள் திரும்புவதுகூட அவன் வினையல்ல, புகவிடுகிறார்கள்.

இதே சம்பவத்தைக் கோப்பெருஞ்சிங்கன் வயலூரில் செய்யுளாக வெட்டவைத்தான். அங்கே தெள்ளாற்று வெற்றி உண்டு, சோழனின் சிறை உண்டு, தமிழைக் காப்பவன் என்ற புகழ் உண்டு. எரிந்த ஊர் ஒன்றும் இல்லை. சிதம்பரத்துத் தெற்குக் கோபுரம் இவன் கட்டியதென்பார்கள். அடித்தவர்களும் அடிபட்டவனும் கும்பிட்டது ஒரே சந்நிதியில்.

மெக்ஸிகோவிலும் ஒரு பேரரசன் கைதியானான். 1519இல் கொர்தேஸ் அஸ்தெக் மன்னன் மொக்தெசூமாவைப் பிடித்துவைத்தான். பின்னர் சஹகூன் என்ற பாதிரியார் உள்ளூர் அறிஞர்களோடு சேர்ந்து தொகுத்த பெருநூலின் பன்னிரண்டாம் பகுதியில், தோற்றவர்கள் தம் நஹுவாத்ல் மொழியிலேயே வீழ்ச்சியைச் சொல்கிறார்கள். பாதிரியாரின் மேற்பார்வை அதில் இருக்கத்தான் செய்கிறது. இருந்தும் அழிந்த ஊரிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. திருவதிகையில் வீடிழந்தவன் கல்லில் பேசவில்லை. கல் அவனுடையதாக இல்லை.

அவன் மௌனத்தை இன்றைய எழுத்தாளன் கற்பனை செய்யலாம். அதை அடைமொழிகளால் மூடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பேரரசின் வாரிசாக நம்மிடம் மிஞ்சியிருப்பதில் ஏரியும் கோபுரமும் போல, அரசனையே எழுவாயாக வைத்து வாக்கியம் தொடங்கும் பழக்கமும் ஒன்று. சோழர்களைப் பற்றி அடுத்ததாக எழுத இருப்பவர் அதற்கு முன்னால் இந்தக் கல்வெட்டை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கட்டும். கடலூரிலிருந்து திருவந்திபுரத்துக்கு பஸ் இருக்கிறது.