படமும் பேரும்: யப்பானியப் பழம் புகைப்படங்களும் தோட்டத் தொழிலாளர் படங்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யப்பானிலே பிடிக்கப்பட்டு, கையால் வண்ணந் தீட்டப்பெற்ற புகைப்படங்கள் இன்று ஐரோப்பிய, அமெரிக்க நூதனசாலைகள் பலவற்றிற் பேணப்படுகின்றன. அவற்றை அழகியற் பொருள்களாக மாத்திரம் நோக்கும் மரபு வலுவானது. ஆயின், அவற்றை உருவாக்கிய சமூக உறவுகளை நாம் நோக்குவோமாயின், இலங்கைத் தோட்டங்களைக் காட்டும் பழம்படங்களை வாசிப்பதற்கான வழியொன்றும் புலப்படும். அவ்வழியைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1863இல் யோக்கோஹாமாவுக்கு வந்து படக்கூடம் அமைத்த பெலிசே பெயாற்றோ, அதற்கு முன்னர் 1858இல் இலக்னோவிலே, கொல்லப்பட்ட கிளர்ச்சியாளரின் எலும்புகள் சிதறிக் கிடக்கும் சிக்கந்தர் பாக் முற்றத்தைப் படமாக்கியவர். 1860இல் ஆங்கில, பிரெஞ்சுப் படைகளுடன் சீனத்துக்குச் சென்றவர். படை சென்ற வழியே படக்கருவியும் சென்றது. துறைமுகங்கள் வணிகத்துக்குத் திறக்கப்பட்டதும் அது நினைவுப் பொருள் விற்பனைக்குத் திரும்பியது. வண்ணந் தீட்டுவோராகப் பணிபுரிந்து, 1880களின் தொடக்கத்திலே சொந்தப் படக்கூடம் நிறுவிய குசக்காபே கிம்பெய் யப்பானியரே. எனினும் அவர் விற்ற படங்களும் பெரும்பாலும் அதே பல்லக்கு, அதே கெய்ஷா, அதே சாமுராய்தாம். சாமுராய்கள் வாள் தரிப்பது 1876இலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் படக்கூடங்களில் வாள் ஏந்திய வீரர் வேடம் பின்னரும் நீடித்தது. அதனை விரும்பி வாங்குவோர் இருந்தனர். படக்கருவி சுதேசியின் கைக்கு வந்தமையால் மாத்திரம் பார்வை மாறிவிடவில்லை. யார் வாங்குகிறார் என்பதே யார் எவ்வாறு நிற்கவேண்டும் என்பதைத் தீர்மானித்தது.

இதே காலப்பகுதியில் இலங்கையிலும் ஸ்கீன், ஸ்கோவன் ஆகியோரின் படக்கூடங்கள் மலைக்காட்சிகளையும் தோட்டங்களையும் படமாக்கி விற்றன. இவர்களின் வேறாக, வணிக நோக்கின்றிப் படம் பிடித்தவர் ஜூலியா மார்கரட் கமரன். அவர் 1875இல் இங்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்தவர். கணவர் சார்ள்ஸ் ஹே கமரன், கோல்புறூக்-கமரன் ஆணைக்குழுவால் அறியப்பட்டவர். இங்கு கோப்பித் தோட்டங்களை உடைமையாகக் கொண்டிருந்தவர். இங்கிலாந்திலே இவ்வம்மையார் பிடித்த படங்களில் டெனிசனும் டார்வினும் தத்தம் பெயருடன் விளங்குகின்றனர். மாதாவாக வேடந்தரித்த பணிப்பெண்ணின் பெயர்கூட நமக்குத் தெரிகின்றது. இலங்கையில் அவர் பிடித்தவற்றுட் பலவற்றிலோ ‘களுத்துறைக் குடியானவர்’ போன்ற பொதுப்பெயரே எஞ்சுகின்றது. கலைஞரின் பரிவை நாம் ஐயுறவில்லை. ஆயின் தனிமனிதப் பரிவு உற்பத்தி உறவுகளைத் தாண்டிச் செல்லவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

இப்படங்கள் பொய்யானவை, ஆதலின் ஒதுக்கப்படவேண்டியவை என்பாருமுளர். அக்கருத்து எமக்கு உடன்பாடன்று. கொழுந்து பறிக்கும் பெண்களைக் காட்டும் படம் வாங்குவோரின் கண்ணுக்கு இனிமையாக அமைக்கப்பட்டிருக்கலாம்; அவர்தம் வெறுங்காலையும், முதுகிற் கூடை இழுக்கும் பாரத்தையும், அருகில் நிற்கும் கங்காணியின் மேற்சட்டையையும் அதனால் மறைத்துவிட முடியவில்லை. ஆளும் வர்க்கத்தின் சான்றிலேயே உழைப்பின் சுவடு தங்கிவிடுகின்றது. அதனைக் கண்டு கூறுவது திறனாய்வின் கடன்.

பெயரின்மையோ வேறொரு வகையில் நோக்கப்படவேண்டியது. தோட்டத்திலே ஒரு நாள் வேலை செக்றோலிற் பதியப்படுவதையே தொழிலாளர் ‘பேர்’ என்பர். வேலை குறைந்தால் ‘அரைப்பேர்’. துரைமாரின் கணக்கேட்டிலே இவர்களுக்குப் பேர் இருந்தது; அது கூலிக் கணக்கின் பொருட்டு. ஏனைய ஏடுகளில் அது இல்லாமையின் விளைவை 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் காட்டிற்று. தந்தையின் பிறப்பை, அன்றேல் பாட்டன், பூட்டன் இருவரின் பிறப்பையும் சான்றுடன் நிறுவுக என அச்சட்டம் கோரியது. சான்று காட்ட இயலாதோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் பற்றிய முடிவு 1974இலேயே எட்டப்பட்டது. பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறும்வரை இத்துயர் நீடித்தது. பல குடும்பங்களுக்கு முகமும் பெயரும் ஒருங்கே பொருந்திய முதற் படம், அவர்களை இம்மண்ணிலிருந்து அனுப்பிய கடவுச்சீட்டிலேயே அமைந்தது எனலாம். ஆவணம் என்பது இம்மக்களுக்கு ஆராய்ச்சிப் பொருளாக முன் வாழ்வுரிமையாக இருந்தது.

நாகசாகிப் பல்கலைக்கழக நூலகம் முன்கூறிய யப்பானியப் படங்களை ஆயிரக்கணக்கிலே திரட்டி, அவற்றிலுள்ள இடங்களை இனங்கண்டு, பட்டியலிட்டுள்ளது. பிறருக்காகப் பிடிக்கப்பட்டவை அந்நாட்டவர் தம் வரலாற்றை வினவும் சான்றுகளாயின. இங்கு ஹந்தானைத் தேயிலை நூதனசாலை இயந்திரங்களையும் ஜேம்ஸ் ரெயிலரின் நினைவுகளையும் பேணுகின்றது. கம்பளைக்கு அண்மையில், ஓல்ட் பீகொக் தோட்டத்திலே, லயத்தையே காட்சிக்கூடமாக்கித் தொழிலாளரின் கருவிகளையும் பாத்திரங்களையும் வைத்திருக்கும் நூதனசாலையோ மாறான திசையிற் சென்றுள்ளது. இம்முயற்சி சப்பிரகமுவைக்கும் விரிதல் வேண்டும்.

ஓப்பநாயக்கவை எடுத்துக்கொள்வோம். களனிப் பள்ளத்தாக்கு ஒடுங்கிய புகையிரதப் பாதை 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓப்பநாயக்கவையும் அடைந்தது. இறப்பரும் தேயிலையும் இறங்கிச் சென்ற அப்பாதையின் இப்பகுதி 1970களில் மூடப்பட்டது. அதனைச் சூழ்ந்த லயங்களிலே பழைய துண்டுச் சீட்டு, கவ்வாத்துக் கத்தி, இறப்பர்ச் சிரட்டை, மங்கிய குடும்பப் படம் எவை எஞ்சியுள்ளனவோ, அவற்றை உரியவரிடமே விட்டுவைத்து, படியெடுத்து, யாருடையது, யார் பயன்படுத்தினார், எந்த மலையில் வேலை செய்தார் என்பவற்றை முதியோர் வாய்மொழியாகக் கேட்டு எழுதுதல் தமிழ்ச் சங்கத்து மாணவர்க்கு இயலாத பணியன்று. ஆயின் கிம்பெய் தரும் பாடத்தை மறத்தலாகாது: சேகரிப்பவர் நம்மவராக இருப்பது மாத்திரம் போதாது. ‘கொழுந்து பறிக்கும் பெண்’ என்று நாமும் எழுதிவிட்டு வந்தால், ஸ்கோவனின் படக்கூடத்தையே தமிழில் மீளத் திறந்தவராவோம். பாட்டிமார் இருக்கும்போதே கேட்டு, அவர்தம் உழைப்புக்கு முழுப்பேர் போடுவோமாக.